நெல் நம்முடையது, ஏடு எவருடையது?

சென்னையிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் தொடர்வண்டி, ஆவடியைக் கடந்து திருவள்ளூரை எட்டுமுன் திரூர் என்னும் சிற்றூரின் அருகே செல்கின்றது. ஆலை வேலைக்கும் அலுவலகத்திற்கும் நெருக்கியடித்துக்கொண்டு போவோர் எவரும் அவ்வூர்ப் பெயரைக் கருதுவதில்லை. ஆனால் உலகின் நெல் வரலாற்றை எழுதப் புகும் எவனும் அச்சிற்றூரை விட்டுவிட்டு எழுத முடியாது. விடுதலைக்கு முன்பே தொடங்கப்பெற்று இன்றளவும் இயங்கிவரும் நெல்லாய்வு நிலையம் ஒன்று அங்குள்ளது. 1950களின் தொடக்கத்தில் அந்நிலையம் ஒரு நெல்வகையை உருவாக்கி உழவர்க்கு அளித்தது. குருத்தைத் துளைக்கும் பூச்சியை ஓரளவு தாங்குவதும், இலைக்கருகல் நோயை எதிர்ப்பதும் அதன் இயல்புகள். அது பெற்ற பெயரோ 'டி.கே.எம். 6'.

தமிழ் அன்பர்காள்! அவ்வாங்கில எழுத்துகள் மூன்றும் எவற்றின் சுருக்கம் என்று உங்களுள் எத்துணைப் பேர் அறிவீர்? திரூர்க்குப்பம் என்னும் நம் ஊர்ப்பெயரின் சுருக்கமே அது. திருவள்ளூர் மாவட்டத்தில் அந்நெல்லை விதைத்து, நட்டு, அறுத்து, அதன் கஞ்சியைக் குடித்து வளர்ந்தவனுக்கே, அது தன் ஊரார் பெயரைத் தாங்கிய நெல் என்பது தெரியாதவாறு ஆங்கில எழுத்துக்குள் நம் ஊரைப் புதைத்து வைத்தார்கள். வெள்ளையன் ஆண்ட காலத்தில் தொடங்கிய வழக்கம் என்பர். வெள்ளையன் போய் முக்கால் நூற்றாண்டு கடந்தும் அவ்வழக்கம் போகவில்லையே, ஏன்?

அந்நெல் என்னவாயிற்று என்று பாருங்கள். 1960ஆம் ஆண்டில் பிலிப்பைன்சு நாட்டின் இலாசு பானியோசு என்னும் ஊரில், போர்டு, இராக்கபெல்லர் ஆகிய அமெரிக்க அறக்கட்டளைகளின் பொருளுதவியோடு அனைத்துலக நெல்லாய்வு நிறுவனம் அமைந்தது. 1966இல் அது வெளியிட்ட 'ஐ.ஆர். 8' என்னும் குட்டைநெல் விளைச்சலில் மிக்கது; ஆயின் நோய்க்கும் பூச்சிக்கும் எளிதில் ஆட்பட்டது. அக்குறையை நீக்க எதிர்ப்பாற்றல் உடைய நெல்லை உலகெங்கும் தேடிய ஆய்வாளர் கைக்கு அகப்பட்டவற்றுள் தலையாயது நம் திரூர் நெல். அதனைப் பெற்றோராகக் கொண்டு 1969இல் 'ஐ.ஆர். 20' பிறந்தது. 1976இல் வெளிவந்த 'ஐ.ஆர். 36' உடலிலும், 1985இல் வெளிவந்த 'ஐ.ஆர். 64' உடலிலும் திரூர் நெல்லின் குருதி ஓடுகின்றது. இவற்றுள் ஐ.ஆர். 36 மட்டுமே 1980களில் ஒரு கோடி எக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தில் பயிராயிற்று. ஆசியாவின் வயல்களில் இலைக்கருகலை எதிர்த்து நின்ற காப்பாற்றலுள் ஒரு கூறு நம் திருவள்ளூர் மண்ணிலிருந்து சென்றது.

கடல் கடந்து சென்ற நெல், புதிய பெயரோடு திரும்பி வந்தது. நம் உழவன் அதனை 'ஐயாரு இருவது' என்று வாய்நிறைய அழைத்தான். ஐ.ஆர். 8 வந்த புதிதில், வட ஆர்க்காட்டு உழவர் ஒருவர் தமக்குப் பிறந்த மகனுக்கு அந்நெல்லின் பெயரையே சூட்டிய செய்தியை அந்நிறுவனத்தார் இன்றும் பெருமையோடு எடுத்துரைக்கின்றனர். அவ்வுழவரை நாம் எள்ளற்க! வயிறு நிறைத்த நெல்லின்மேல் அவர்க்கிருந்த நன்றியுணர்வு அது. நம் சினமெல்லாம், அவ்வுழவர்க்கு நன்றி சொல்லவும் ஒரு தமிழ்ப்பெயர் கொடாத அறிவாளிக் கூட்டத்தின் மேலது.

திரூர் நெல்லின் தாய்வழியை இன்னும் சற்றுத் தோண்டிப் பார்த்தால் அதைவிடப் பெரிய இழிவு வெளிப்படும். அதன் பெற்றோருள் ஒன்று, கோவை நெல் ஆய்வு நிலையத்தில் 1921இல் வெளியிடப்பெற்ற 'சி.இ.பி. 24' என்பது. கோணமணி என்னும் நாட்டு நெல்லில் தானாகத் தோன்றிய மாற்றத்தைக் கண்டு பிரித்தெடுத்த நன்முத்து அது. மெல்லிய அரிசி, உண்ணச் சுவையானது. மக்கள் அதற்குக் கிச்சிலிச் சம்பா என்று பெயரிட்டுக் கொண்டாடினர். அலுவலக ஏட்டிலோ அது பெற்ற பெயர், 'அரசினரின் பொருளியற் பயிர்நூல் வல்லுநர்' என்னும் ஆங்கிலப் பதவிப் பெயரின் முதலெழுத்துகள்! நெல்லுக்கு நெல்லின் பெயரில்லை, விளைந்த ஊரின் பெயரில்லை, விளைவித்தவன் பெயருமில்லை, நாற்காலியின் பெயர்! நாற்காலிக்குப் பெயர் வைப்பார் உண்டு. நாற்காலியின் பெயரை நெல்லுக்கு வைத்தது அவ்வாட்சி.

இந்தக் கிச்சிலிச் சம்பாவைச் சப்பான் நாட்டு நெல்லோடு கலந்து உண்டாக்கியதே 1960களின் நடுவில் தஞ்சைக் குறுவையில் பரவிய ஆடுதுறை 27. அச்சப்பான் நெல்லின் பெயர் 'நோரின் 10'. நோரின் என்பது என்ன? வேளாண்மையையும் காட்டையும் ஆளும் அந்நாட்டு அமைச்சகத்தைக் குறிக்கும் சப்பானியச் சொல். அதுவும் அலுவலகப் பெயர்தான். ஆயின் அவன் தன் மொழியில் வைத்தான். ஒரு திருமண ஓலையில் மாப்பிள்ளை வீட்டார் தம் மொழியில் கையொப்பமிட, பெண் வீட்டாராகிய நாம் பண்ணையாரின் மொழியில் கைந்நாட்டு வைத்ததைப் போன்றது இது. சப்பானியர் பின்பு அவ்வலுவலகப் பெயரோடும் நின்றாரல்லர். 1956இல் அவர்கள் வெளியிட்ட நெல்லுக்குக் 'கோசி நாட்டின் ஒளி' என்னும் பொருள்படக் கோசிக்கரி என்று பெயரிட்டனர். இன்றுவரை அந்நாட்டார் உள்ளத்தில் முதலிடம் பெற்ற நெல் அதுவே.

பெயரில் என்ன இருக்கிறது, விளைந்தால் போதாதா என்பார் நம்மவரிலேயே உளர். அவர்க்கு விடையாகப் பொன்னியைக் காட்டுவேன். பொன்னி நம் நெல் அன்று. மலேயாவில் உருவான மசூரி என்னும் வகையின் வழிவந்தது. இங்கே கொணர்ந்து பழக்கித் தேர்ந்தெடுத்தபோது அதற்குக் காவிரியாற்றின் பெயரைச் சூட்டினர். 1986இல் வந்த திருத்திய வெள்ளைப் பொன்னியை அறியாத தமிழ்வீடு உண்டா? கடையில் அரிசி வாங்கும் எந்தப் பெண்டிரும் 'பொன்னி கொடு' என்கின்றனர். அயல்நாட்டு நெல்லுக்குத் தமிழ்ப்பெயர் இட்டதும் அது தமிழர் நெல்லாயிற்று. தமிழ்மண்ணின் நெல்லுக்கு ஆங்கில எழுத்து இட்டதும் அது எவர் நெல்லும் ஆகாமற் போயிற்று. பெயரில் என்ன இருக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

பெயர் கிடக்கட்டும், அதனினும் கொடியது ஒன்றுண்டு. பெயரைப் பறித்த அதே கை, அறிவையும் பறித்தது.

பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடைப்பட்ட ஊரொன்றில் என் பழைய மாணவர் ஒருவர் நெல் பயிரிடுகின்றார். சில ஆண்டுகட்கு முன் சம்பாப் பருவத்தில் அவர் வயலின் இலை நுனிகள் வைக்கோல் நிறமாகி, ஓரங்கள் நெளிநெளியாகக் காய்ந்து வந்தன. உரக்கடைக்குச் சென்றார். கடைக்காரர் இரண்டு பூச்சிக்கொல்லிகளையும் ஒரு பொட்டலம் 'டானிக்'கையும் கொடுத்துப் பணம் பெற்றுக்கொண்டார். தெளித்தார், நிற்கவில்லை. மேலும் தழைச்சத்து உரம் இட்டார், இன்னும் பரவிற்று. பூச்சிக்கொல்லியோடு வந்த தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள்" என்றார். தமிழில் எழுதப்பட்டதாகப் பெயர். எறும்பின் கால்போன்ற எழுத்து. படித்துப் பார்த்தால் ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் கோத்திருந்தனர். தமிழ்ப்புலவனாகிய எனக்கே விளங்கவில்லை என்றால் உழுவோனுக்கு எங்ஙனம் விளங்கும்? கொடிய நஞ்சுக்குச் சிவப்பு, அடுத்ததற்கு மஞ்சள், பின்னர் நீலம், பச்சை என்று இடும் வண்ணக்குறி ஒன்றுதான் அத்தாளில் எழுத்தறியாதானும் அறியத்தக்கதாக இருந்தது. அதுவும் அவர்க்கு எவரும் சொல்லித் தந்ததில்லை.

அவர் வயலில் வந்தது பூச்சியன்று; இலைக்கருகல் நோய். நுண்ணுயிரியால் வருவது. எத்துணைப் பூச்சிக்கொல்லியைக் கொட்டினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. தழைச்சத்தை மிகுத்தால் அது மிகும். தழைச்சத்தைப் பிரித்துப் பிரித்து இடுதல், நோய்கண்ட வயலின் நீர் அடுத்த வயலுக்குப் பாயாமல் தடுத்தல், நடும்போது நாற்றின் நுனியைக் கிள்ளாதிருத்தல், புதுச் சாணத்தைக் கரைத்து வடித்துத் தெளித்தல் என்று எளிய வழிகளை நம் பல்கலைக்கழகமே கூறியுள்ளது. இதிலே நெஞ்சைச் சுடுவது யாதெனில், உலகத்திற்கு அந்நோயின் எதிர்ப்பாற்றலை வழங்கிய நெல் பிறந்த திரூர், அவர் வயலிருக்கும் அதே மாவட்டத்தில் உள்ளது. இலாசு பானியோசுக்குச் சென்ற அறிவு, பொன்னேரிக்குச் செல்லவில்லை. கடலைத் தாண்டியது, கொற்றலையாற்றைத் தாண்டவில்லை.

ஏன் தாண்டவில்லை? அறிவு ஆங்கில ஏட்டில் இருந்தது. அதனைப் படிப்போர் ஆய்வாளர். ஆய்வாளர் எழுதுவதும் பிற ஆய்வாளர்க்கே. நடுவில் நிற்பவனோ உரக்கடைக்காரன். அறிவு தமிழில் இல்லாத இடத்திலெல்லாம் வணிகன் ஆசிரியனாகிவிடுகின்றான். அவன் விற்பதையே பாடமாகச் சொல்லுவான், வேறென் செய்வான்?

வேளாண்கல்வியின் வரலாறே இப்படித் தொடங்கிற்று. 1868இல் சைதாப்பேட்டையில் வேளாண்பள்ளி ஒன்று தோன்றியது. 1906இல் அது கோவைக்குப் பெயர்ந்து கல்லூரியாயிற்று. 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது. தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கிய அப்பல்கலைக்கழகம், தமிழ்வழியில் வேளாண் பட்டப்படிப்பைத் தொடங்கியது 2021ஆம் ஆண்டில்! சைதாப்பேட்டையிலிருந்து எண்ணினால் நூற்றைம்பத்து மூன்று ஆண்டுகள். பல்கலைக்கழகமான நாளிலிருந்து எண்ணினாலும் ஐம்பது ஆண்டுகள். பாலம் கட்டவும் பொறி இயக்கவும் கற்பிக்கும் பொறியியற் கல்லூரியில்கூட 2010இலேயே தமிழ்வழி வந்துவிட்டது. ஏரும் நெல்லும் தமிழில் பேசப் பதினோராண்டு பிந்தின. அதே 2010இல், தமிழ்வழிக் கற்றார்க்கு அரசுப் பணியில் நூற்றுக்கு இருபது இடம் என்று சட்டம் வந்தது. தமிழ்வழிப் பட்டமே இல்லாத வேளாண் துறையில் அச்சட்டம் எவர்க்குப் பயன்பட்டிருக்கும்?

பள்ளியாசிரியன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். மேனிலைப் பள்ளியின் தொழிற்பிரிவில் வேளாண்மையைத் தமிழில் கற்கும் பிள்ளைகளை நான் அறிவேன். உழவர் வீட்டுப் பிள்ளைகள். நாற்றங்கால் எத்துணைச் செண்டு வேண்டும், எந்நாளில் பறிக்க வேண்டும் என்று வாயால் மட்டுமன்றிக் கையாலும் அறிந்தவர். அவருள் ஒருவன் கல்லூரிக்குப் போனால், நாற்றங்காலையும் நடவையும் ஆங்கிலத்தில் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டும். அப்பன் வயலில் ஆயிரமுறை பார்த்த ஆனைக்கொம்பனை அவன் தேர்வில் அடையாளம் காணத் தவறுகின்றான். கண் தவறவில்லை, சொல் தவறிற்று. மற்றொருபுறம், நாற்றையும் களையையும் வேறு பிரித்தறியாத நகரப் பிள்ளை ஆங்கிலத்தால் தேறி அலுவலனாகி வயல் வரப்பில் வந்து நிற்கின்றான். உழவன் கேட்பது அவனுக்கு விளங்காது. அவன் சொல்வது உழவனுக்கு விளங்காது. இருவர்க்கும் நடுவில் மீண்டும் உரக்கடைக்காரன்.

"தமிழில் சொல் இல்லையே!" என்பது இவர்கள் எடுத்து வீசும் பழைய கல். எவரிடம் வந்து சொல்லில்லை என்கின்றனர்! புறத்தே வன்மையுடையதைப் புல் என்றும் அகத்தே வன்மையுடையதை மரம் என்றும் வகுத்து, அவற்றின் உறுப்புகளுக்கு வெவ்வேறு பெயர் கூறிய தொல்காப்பியர் பிறந்த மொழியில் சொல் இல்லையாம். இலைக்கும் பிஞ்சுக்கும் காய்க்கும் தமிழிலுள்ள பெயர்வகைகளை மொழிஞாயிறு பாவாணர் தொகுத்துக் காட்டியதை இவர்கள் கண்டதில்லை. நூலை விடுவோம், வரப்பில் போய்க் கேட்கட்டும். விதைநெல் முளை கட்டுவதிலிருந்து தொடங்கினால் நாற்று, நடவு, தூர் கட்டல், பொதி, தொண்டைக்கதிர், பூப்பு, பால் பிடித்தல், மணி முற்றல் என்று பயிரின் ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு சொல் உழவனிடம் உண்டு. மணி பிடிக்காதது பதர். அரைகுறையாய்ப் பிடித்தது கருக்காய். அடித்ததைத் தூற்றிக் குவித்தது பொலி. தாளை அடுக்கியது போர். நோயும் பூச்சியும் கூட அவன் வாயில் எத்துணைக் கூர்மையாகப் பெயர் பெறுகின்றன! குருத்து குழலாகி யானைத் தந்தம் போல் வெளுத்து நிற்பதைக் கண்டு ஆனைக்கொம்பன் என்றான். தூரடியில் தத்துப்பூச்சி சாறுண்ண, வயல் புகைபட்டது போல் கருகுவதைக் கண்டு புகையான் என்றான். கதிர்க்கழுத்தை ஒடிப்பதைக் குலைநோய் என்றான். ஆங்கிலச் சொல்லைப் படித்தவன் அதை நூலில் பார்க்க வேண்டும். ஆனைக்கொம்பன் என்று கேட்டவன் வயலிலேயே கண்டுகொள்வான்.

இவர்கள் வாயை அடைக்க இன்னொரு செய்தி உண்டு. நெல்லைத் தாக்கி அதன் வளர்ச்சியைக் குன்றச் செய்யும் 'துங்குரோ' என்னும் நச்சுயிரி நோயின் பெயரை உலகத்து ஆய்வாளர் அனைவரும் வழங்குகின்றனர். அது இலத்தீனமும் அன்று, ஆங்கிலமும் அன்று. வளர்ச்சி குன்றல் என்னும் பொருளுடைய பிலிப்பைன்சு நாட்டுச் சொல். அந்நாட்டு உழவன் வாய்ச்சொல் அறிவியலாயிற்று. நம் உழவன் வாய்ச்சொல் 'நாட்டுப்புறப் பேச்சு' ஆயிற்று. சொல்லின் குறை அன்று இது. சொல்லுக்குரியவன் தன்னைத் தாழ்த்திக்கொண்ட குறை.

மருத்துவத்தை நோக்குக. அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்கு வந்த சாமுவேல் கிரீன் என்னும் மருத்துவர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். உடற்கூறு முதலிய நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். அயலான் ஒருவனால் குருதிநாளத்தையும் எலும்பையும் தமிழில் கூற முடிந்தது. நம்மவரால் நாற்றங்காலைத் தமிழில் கூற முடியவில்லை!

முறை தவறாமல் பேசுவோம். ஒன்றும் நடக்கவில்லை என்று நாம் கூறவில்லை. பல்கலைக்கழகம் 'வளரும் வேளாண்மை' என்னும் இதழைத் தமிழில் நடத்துகின்றது. தமிழக அரசு 2018இல் கொணர்ந்த கைப்பேசிச் செயலிக்கு 'உழவன்' என்று நல்ல தமிழ்ப்பெயர் இட்டனர். மரபு நெல் வகைகளைத் தேடித் திரட்டித் 2018இல் மறைந்த நெல் செயராமன் பெயரால் மரபுநெல் பாதுகாப்பு இயக்கம் ஒன்றும் 2021இல் அறிவிக்கப்பட்டது. வரவேற்கின்றோம். ஆயினும் இவையெல்லாம் பந்தியின் கடைசியில் வைக்கும் இலை. அடுப்பு ஆங்கிலத்தில் எரிகின்றது. ஆறிய கஞ்சி தமிழில் ஊற்றப்படுகின்றது. ஆய்வுத் தலைப்பு எண்ணப்படுவது ஆங்கிலத்தில், ஆய்வேடு ஆங்கிலத்தில், கருத்தரங்கு ஆங்கிலத்தில், முடிவு ஆங்கிலத்தில். இறுதியில் ஒரு துண்டறிக்கை மட்டும் தமிழில். தமிழில் எண்ணாத ஆய்வு தமிழுழவனின் கேள்வியைக் கேட்பதில்லை என்பதே இதிலுள்ள பேரிழப்பு.

இவ்விடத்தில் நம்மவர் சிலர்க்கும் ஒரு சொல். ஆய்வு நிலையமே வேண்டா, விதை மாற்றமே நஞ்சு, பாட்டன் நெல் ஒன்றே போதும் என்று பேசும் போக்கு அண்மைக்காலத்தில் தலைதூக்குகின்றது. மரபு நெல்லைக் காத்தல் நம் கடன். காட்டுயானமும் பூங்காரும் தூயமல்லியும் அழிந்தால் அழிவது நெல் மட்டுமன்று. ஆனால் கோணமணியிலிருந்து கிச்சிலிச் சம்பாவைக் கண்ட கண்ணும், திரூர் நெல்லைக் கலந்தெடுத்த கையும் இம்மண்ணின் கண்ணும் கையுமே. ஆய்வைப் பகைப்பது, நம் வீட்டுக் கிணற்றை அயலான் பூட்டி வைத்தான் என்பதற்காகத் தண்ணீரையே வெறுப்பது போலாம். பூட்டைத்தான் உடைக்க வேண்டும்.

தில்லியரசின் பங்கையும் சொல்லியாக வேண்டும். நாட்டின் முதலாவது வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில், நம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கிற்று. தமிழ்நிலத்தில் பிறந்த அப்பிள்ளைக்கு இட்ட பெயர் 'கிருசி விக்யான் கேந்திரா'. திரூரிலும் அப்படியொரு நிலையம் உள்ளது. அலுவல் ஏடுகளில் அதற்கும் அதே பெயர். 2016இல் வந்த பயிர்க்காப்பீட்டுக்குப் 'பிரதான் மந்திரி பசல் பீமா யோசனா' என்று பெயர். 2019இல் வந்த, ஆண்டுக்கு ஆறாயிரம் உருபா தரும் திட்டத்திற்குப் 'பிரதான் மந்திரி கிசான் சம்மான் நிதி' என்று பெயர். ஐந்து சொற்கள், அவற்றுள் உழவன் என்னும் பொருள்தரும் சொல்லும் உண்டு, ஆயின் அவ்வுழவனுக்குத் தெரியாத மொழியில். பயிர் மூழ்கி இழப்பீடு கேட்கப் போகும் பொன்னேரி முதியவர், தாம் எதைக் கேட்கிறோம் என்பதன் பெயரையே சொல்லத் தெரியாமல் நிற்கும் நிலையை என்னென்பது? ஒரு புறம் ஆங்கிலம், மறுபுறம் இந்தி. இரண்டு பாறைகளுக்கிடையில் நெல்மணி.

இவ்வளவும் நேர்வது எந்த நிலத்தில்? சொர்ணவாரி, சம்பா, நவரை என்று முப்போகம் கண்ட ஏரிப்பாசன நிலத்தில். (சொர்ணவாரியைப் பொன்வாரி என்று வழங்கினால் நெல் முளைக்காதா என்ன?) மழையை எதிர்நோக்கிப் புழுதியில் விதைத்து, ஏரி நிரம்பியதும் நீர் பாய்ச்சும் புழுதிநெல் முறை இப்பகுதிக்குரியது. அம்முறைக்கென்றே வகைகளை உருவாக்கியது திரூரின் தனிச்சிறப்பு. 1960இல் திருத்தணியை நாம் மீட்டோம். மீட்ட வடக்கெல்லையின் வயல்களை இப்போது வேறு வகையில் இழந்து கொண்டிருக்கின்றோம்.

சென்னையின் தொண்டையை நனைப்பதற்காக 1960களின் இறுதியிலிருந்து ஆரணியாறு, கொற்றலையாறு ஆகியவற்றின் படுகையில் ஆழ்கிணறுகள் இறைத்தன. இறைத்ததன் விளைவாக மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்தது. உவர்நீரில் நெல் எங்ஙனம் நிற்கும்? தேர்வாய்க் கண்டிகையில் மேய்ச்சல் நிலம் தொழிற்பூங்காவாவதை ஊர்மக்கள் எதிர்த்து நின்றனர்; பூங்காவே வென்றது. அடுத்து, கண்ணன்கோட்டை, தேர்வாய்க் கண்டிகை ஏரிகளை இணைத்துக் கட்டிய நீர்த்தேக்கம் 2020இல் திறக்கப்பட்டது. அதன் நீரும் நகரத்திற்கே. தொழில் வளர்க்கும் 'சிப்காட்டு' நிறுவனம் 1971இல் பிறந்தது. வேளாண் பல்கலைக்கழகமும் 1971இல் பிறந்தது. இரட்டைப் பிள்ளைகள். ஒருவன் கும்மிடிப்பூண்டியில் சாலை போட்டான், மின்கம்பம் நட்டான், வீடுவீடாக வந்து உழவன் மகனை ஒப்பந்தக் கூலிக்கு அழைத்துக்கொண்டான். மற்றவன் கோவையில் அமர்ந்து ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தான். ஆலை வேண்டா என்று நாம் கூறவில்லை. ஆலை அழைக்கத் தெரிந்த அளவிற்கு வயல் அழைக்கவில்லையே என்கின்றோம். உவரைத் தாங்கும் நெல் எது, எவ்வயலில் எவ்வளவு உவர், எந்நாளில் விதைத்தால் தப்பும் என்று மீஞ்சூர் உழவனுக்கு அவன் மொழியில் ஆண்டுதோறும் சொல்லியிருந்தால், நிலத்தை விற்குமுன் அவன் ஒருமுறையேனும் எண்ணியிருப்பான். ஒன்றும் தெரியாதவனிடம் விலை பேசுவது எளிது. அறியாமையே நிலத்தரகனின் முதல்.

அனைத்துலகத்தோடு பேச ஆய்வாளர்க்கு ஆங்கிலம் வேண்டுமே என்பார் பேசட்டும், நாம் தடுக்கவில்லை. சப்பானியனும் சீனனும் தத்தம் மொழியில் கற்று, உலகோடு பேச வேண்டியபோது ஆங்கிலத்தில் எழுதுகின்றனர். நாம் கேட்பது ஏட்டின் முதற்படி எவர்க்கு என்பது. தமிழ்மக்கள் வரியால் நடக்கும் நிலையத்தில், தமிழ்நிலத்து விதையால், தமிழுழவர் கூலியுழைப்பால் விளைந்த ஆய்வின் முதற்படி தமிழில் இருத்தல் வேண்டும். வேளாண் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறும் ஒவ்வோர் ஆய்வேட்டிற்கும் முழுமையான தமிழ்ப்படி இல்லாமல் பட்டம் வழங்கலாகாது. 2021இல் தொடங்கிய தமிழ்வழிப் படிப்பை, ஓரிரு கல்லூரியின் ஒரு மூலையில் வைத்து ஒப்புக்கு நடத்தாமல், மேற்படிப்பு வரை எல்லாக் கல்லூரிகளுக்கும் விரித்து, வட்டார வேளாண் அலுவலர் பணியில் அவர்களையே முதலில் அமர்த்த வேண்டும். அந்த அலுவலர் ஓராண்டேனும் உழவர் வீட்டில் தங்கி வயற்சொற்களைத் தொகுத்துத் தந்த பின்னரே பணியில் நிலைபெற வேண்டும் என்றும் நான் சேர்ப்பேன், இதனைக் கேட்டுச் சிலர் நகைப்பர், நகைக்கட்டும். பூச்சிக்கொல்லித் தாள்கள் பெரிய எழுத்தில், பிழையற்ற தமிழில், உழவர் வழங்கும் பூச்சிப்பெயரோடு வரவேண்டும்.

நெல்லின் பெயரை மாற்றுவதற்கோ எந்தச் சட்டமும் எந்தத் தில்லியின் ஒப்புதலும் வேண்டியதில்லை. ஆடுதுறை 27 என்று நாம் முழுப்பெயரால் வழங்கத் தொடங்கிய பிறகு எவர்க்கும் தடுமாற்றம் நேர்ந்ததில்லை. டி.கே.எம். 9 என்கின்ற செந்நெல் 1978 முதல் இம்மாவட்டத்து வயல்களில் விளைந்து வருவது. அதனைத் திரூர்ச் செந்நெல் என்றழைக்க எவர் கையெழுத்திட வேண்டும்? 2015இல் வந்த டி.கே.எம். 13 மெல்லரிசி நெல். சன்ன அரிசிக்காக ஆந்திர நெல்லைத் தேடியோடிய உழவர் பலர் இதற்கு மாறி வருகின்றனர். அடுத்த சம்பாவிற்கு விதை வாங்கச் செல்லும் அன்பர்கள், வேளாண் விரிவாக்க நிலையத்துச் சாளரத்தின் முன் நின்று 'திரூர் 13' என்றே கேளுங்கள். விளங்கவில்லை என்று அங்குள்ளவர் சொன்னால் திரூர்க்குப்பத்தின் பெயரை அவர்க்கு விளக்குங்கள். பற்றுச்சீட்டிலும் அப்பெயரையே எழுதச் சொல்லுங்கள். ஊரூராக அவ்வாறு எழுதி வாங்கிய சீட்டுகளின் படிகளை நம் கிளை மன்றங்கள் திரட்டி, கோவையிலுள்ள துணைவேந்தர்க்கு நவரை அறுவடைக்குள் அனுப்பி வைக்க வேண்டும்.